மேசைப்பந்தில் இயந்திரக் கை: எதிராளியா, பயிற்சித் துணையா?

2024 ஓகஸ்டில் கூகுள் டீப்மைன்ட் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேசைப்பந்தில் மனிதரோடு மோதக்கூடிய தரத்தை ஒரு ரோபோ எட்டிவிட்டது என்பது அதன் சாரம். செய்தி கைமாறிக் கைமாறி வந்தபோது 'மனிதனை இயந்திரம் வென்றுவிட்டது' என்று சுருங்கிப்போயிற்று. கட்டுரைக்குள் இருந்த கணக்கு வேறு. 29 பேர் அந்த ரோபோவோடு ஆடினார்கள். 13 பேரை அது வென்றது, 16 பேரிடம் தோற்றது. புதிதாகப் பழகுகிறவர்கள் அத்தனை பேரும் அதனிடம் தோற்றார்கள். நடுத்தர ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 55 வீதமானோரை அது வென்றது. தேர்ந்தவர்களில் ஒருவரைக்கூட அதனால் வெல்ல முடியவில்லை.

கொழும்பில் பிள்ளைகளுக்கு மேசைப்பந்து பழக்குகிறவர்கள் யோசிக்கவேண்டியது நடுவிலுள்ள அந்த 55 வீதத்தைப் பற்றி என்பது என் எண்ணம். ஏன் என்பதற்கு முன்னால், இந்தச் சிறிய வெள்ளைப் பந்தின் பின்னால் பொறியியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாக ஏன் ஓடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பந்தின் எடை 2.7 கிராம், விட்டம் 40 மில்லிமீற்றர். மேசை 2.74 மீற்றர் நீளம், 1.525 மீற்றர் அகலம். வலையின் உயரம் 15.25 சென்ரிமீற்றர். விநாடிக்குப் பத்து மீற்றர் வேகத்தில் வரும் பந்து மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். நல்ல ஆட்டக்காரரின் அடிக்கு அது பெரிய வேகமும் இல்லை. அந்த நேரத்துக்குள் பந்தைக் காணவேண்டும், எங்கே விழும் என்று கணிக்கவேண்டும், எப்படி எழும்பும் என்று ஊகிக்கவேண்டும், எந்த அடி என்று முடிவெடுத்துக் கையை நகர்த்தவேண்டும். பார்க்கிற மனிதருக்கே இது கூடிப்போயிற்று என்றுதான் 2000 ஒக்டோபரில் பந்தின் விட்டத்தை 38 இலிருந்து 40 மில்லிமீற்றராகக் கூட்டினார்கள். பார்ப்பவர் கண்ணுக்கும் தொலைக்காட்சிக் கமராவுக்கும் பந்து கொஞ்சம் பிடிபடட்டும் என்ற ஏற்பாடு அது.

வேகம் பாதிக் கதைதான். மீதி சுழற்சி. உலகத்தரமான ஆட்டக்காரரின் லூப் என்ற சுழற்சி அடியில் பந்து விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் சுழல்கிறது. சுழலும் பந்தைச் சுற்றியுள்ள காற்று அதை வளைக்கிறது. முன்னோக்கிச் சுழலும் டொப்ஸ்பின் பந்து எதிர்பார்த்ததைவிட முன்னரே இறங்கி, மேசையில் பட்டதும் முன்னே பாய்கிறது. பின்னோக்கிச் சுழலும் பக்ஸ்பின் பந்து மிதந்து வந்து, மட்டையில் பட்டதும் வலைக்குள் விழுகிறது. ஒரே பாதை, ஒரே வேகம், சுழற்சி மட்டும் வேறு என்றால் அடிக்கவேண்டிய கோணம் முழுவதும் மாறிவிடும். வெள்ளைப் பந்தின் சுழற்சி கமராவுக்கு இலேசில் தெரிவதில்லை.

சதுரங்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1997 இல் டீப் புளூ என்ற கணினி சதுரங்க வீரர் கஸ்பரோவை வென்றது. 2016 இல் அல்பாகோ, கோ ஆட்டத்தில் லீ செடோலை 4-1 என்று வென்றது. அங்கே காய் நகரும்வரை பலகை காத்திருக்கும். மனிதருக்குக் கடினமானது கணினிக்கு எளிது, ஒரு வயதுப் பிள்ளைக்கு எளிதானது கணினிக்குக் கடினம் என்று ரோபோ ஆய்வாளர் ஹன்ஸ் மொராவெக் 1988 இல் எழுதினார். அதே 1988 இல்தான் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரஸல் அன்டர்சன், மேசைப்பந்து ஆடும் ரோபோவைப் பற்றித் தன் நூலை வெளியிட்டார். தொழிற்சாலைக்கென்று செய்யப்பட்ட பூமா என்னும் கை ஒன்றைக் கமராக்களோடு இணைத்து, பறந்துவரும் பந்தைத் திருப்பி அடிக்கவைத்தவர் அவர். அன்றைய கணினியின் வலுவை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

அவருக்கும் முன்னால் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கற்பித்த ஜோன் பில்லிங்ஸ்லி, 1983 இல் ரோபோக்களுக்கு ஒரு பிங்பொங் போட்டியை முன்மொழிந்தார். புதிர்ப்பாதைக்குள் வழிதேடி ஓடும் 'மைக்ரோமவுஸ்' எலிப் போட்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ரோபோக்கள் முழு மேசையில் ஆடமுடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் 2 மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமும் கொண்ட ஒடுங்கிய மேசையை வகுத்தார். இந்தச் சிறிய மேசையைப் பற்றிப் பிறகும் பேசவேண்டியிருக்கும்.

அடுத்த இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆய்வுகூடங்களில் ஒரு கை, ஒரு சுவர், ஒரு பந்து என்று முயற்சிகள் தொடர்ந்தன. 2007 இல் வியட்நாமின் விளையாட்டுப்பொருள் நிறுவனமான டோசி, மனித உருவில் மேசைப்பந்து ஆடும் டோபியோ என்ற ரோபோவைத் தோக்கியோக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் எப்படி இருந்ததோ, ஹனோயிலிருந்து ஒரு விளையாட்டுப்பொருள் நிறுவனம் அதற்குத் துணிந்தது என்பதை இலங்கையில் இருக்கிற நாம் குறித்துவைக்கலாம். சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகம் இரண்டு மனித உருவ ரோபோக்களைத் தமக்குள் ஆடவைத்தது. ஜேர்மனியின் தியூபிங்கனில் மக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஒருவர் கையைப் பிடித்து அடிக்கக் காட்ட, இயந்திரம் அந்த அசைவைக் கற்றுக்கொள்ளும் வழி அது. பிறகு மோட்டாருக்குப் பதிலாகக் காற்றழுத்தத் தசைகளைப் பொருத்திய கை ஒன்றும் அங்கே வந்தது.

2014 மார்ச்சில் ஜேர்மன் நிறுவனமான கூகா தன் அகிலஸ் கையை திமோ போலுக்கு எதிரே நிறுத்தியது. போல் உலகத் தரவரிசையில் முதலிடம் கண்டவர். இணையம் முழுக்க எதிர்பார்ப்பு. வெளிவந்தது என்னவென்றால், நறுக்கித் தொகுத்த ஒரு விளம்பரப் படம். பின்தங்கி நின்ற போல் கடைசியில் 11-9 என்று வெல்கிறார். ஆட்டம் தெரிந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். இதில் கூகாவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ரோபோ விளையாட்டு என்றாலே முதலில் வருவது வீடியோ, கணக்கு பிறகுதான் வரும், சில வேளை வரவே வராது. ஒரு ரோபோ பந்து அடிக்கும் காட்சியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்கவேண்டும். சேர்வீஸ் போட்டது யார்? எதிரே நின்றவர் வெல்ல ஆடினாரா, விட்டுக்கொடுத்து ஆடினாரா? எத்தனை முறை எடுத்த படம் இது?

யப்பானின் ஓம்ரோன் நிறுவனம் அந்தக் கேள்விகளையே வேறு பக்கம் திருப்பியது. 2013 இல் முதலில் காட்டப்பட்ட அதன் போர்பியஸ் ரோபோ மேசைக்கு மேலே சிலந்திபோல் நின்று ஆடும். எதிரே நிற்பவரை வெல்வது அதன் வேலை இல்லை. அவருடைய தரத்தைக் கண்டறிந்து, ஆட்டம் அறுந்துபோகாமல் நீண்டு செல்லும்படி பந்தை அனுப்புவதுதான் வேலை. முதல் மேசைப்பந்து ரோபோப் பயிற்றுநர் என்று கின்னஸ் அதைப் பதிந்துகொண்டது. வணிக நிறுவனங்கள் எடுக்கும் முடிவுகளுக்குள் இது அபூர்வமான நல்ல முடிவு.

இனி டீப்மைன்டின் ரோபோ. ஏபிபி நிறுவனத்தின் ஆறு மூட்டுக் கை ஒன்றை, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஓடும் தண்டவாளங்களில் ஏற்றியிருந்தார்கள். பக்கவாட்டில் 4 மீற்றர், முன்பின்னாக 2 மீற்றர். கையின் நுனியில் குட்டைக் குமிழ் றப்பர் ஒட்டிய மட்டை. பயிற்சி பெரும்பாலும் கணினிக்குள், போலி மேசையில், போலிப் பந்தோடு நடந்தது. அதற்கு முன் மனிதர் ஆடிய ஆட்டங்களிலிருந்து பந்துகளின் நிலை, வேகம், சுழற்சி ஆகியவற்றைச் சேகரித்திருந்தார்கள். கணினிக்குள் கற்றதைக் கொண்டுவந்து உண்மையான மனிதரோடு ஆடுவது, அந்த ஆட்டத்தில் வந்த புதிய பந்துகளை மறுபடி கணினிக்குள் போடுவது என்று சுற்றுச் சுற்றாகப் பழக்கினார்கள். கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இரண்டாவது பெயர் சமிந்த அபேருவன். நம் நாட்டு வகுப்பறைகளில் கூப்பிட்டுப் பழகிய பெயர்.

ரோபோவின் மூளை இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் தனித்தனித் திறன்கள்: முன்கை லூப், பின்கை அடி, சேர்வீஸைத் திருப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வலையமைப்பு. மேல் அடுக்கு, எதிராளியின் பலம் பலவீனத்தை ஆட ஆடக் கணக்குப் பார்த்து, இந்தப் பந்துக்கு இந்தத் திறன் என்று தெரிவு செய்யும். தான் எதில் கெட்டி, எதில் மோசம் என்ற குறிப்பும் அதனிடம் உண்டு.

அப்படி இருந்தும் அது எங்கே விழுந்தது? ஒரு புள்ளியை அருகில் நின்று பார்த்தால் விளங்கும். முதலில், சேர்வீஸ் எல்லாம் மனிதருடையது. ரோபோவுக்குச் சேர்வீஸ் போடத் தெரியாது என்பதால் விதியையே திருத்தியிருந்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பந்தின் அடியைச் சுரண்டி, வலைக்கருகே குட்டையாக ஒரு பக்ஸ்பின் சேர்வீஸ் போடுகிறார். பந்து தாழ்ந்தே வருகிறது. அதை எடுக்க மட்டை மேசையோடு ஒட்டி உள்ளே நுழைந்து, பந்துக்குக் கீழே போகவேண்டும். மனிதக் கை அதைச் செய்யும். விரல் மேசையில் இடித்தாலும் உதறிவிட்டு அடுத்த பந்துக்குப் போவோம். ரோபோவின் மென்பொருளில் மேசையில் இடிக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறது. அவ்வளவு தாழ்வான பந்தை அதனால் ஒழுங்காக எட்டமுடியாது. எட்டினாலும் எவ்வளவு சுழற்சி என்பது சரியாகப் பிடிபடாது. பந்து வலைக்குள் போகிறது. தேர்ந்தவர்கள் இதை விரைவில் கண்டுகொண்டார்கள். பிறகு பக்ஸ்பினோடு மெல்லத் தள்ளிவிடும் புஷ், மறுபடி புஷ், அவ்வளவுதான். பக்ஸ்பின் கூடக்கூட ரோபோ திருப்பியடித்து மேசையில் விழுத்தும் வீதம் இறங்கிக்கொண்டே போயிற்று என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மிக வேகமான பந்தும் மிக உயரமான பந்தும்கூட அதற்குத் தொல்லை.

இந்தத் தோல்விக் கணக்கை மறைக்காமல் போட்டதுதான் அந்தக் கட்டுரையின் பெருமை. கூகாவின் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அங்கே தெரிகிறது. 2025 இல் வேறு முயற்சிகளும் வந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் மேசை முனையில் நிலையாகப் பொருத்திய இலகுவான கையொன்றால் நூற்றுக்கு 88 வீதம் அளவில் பந்துகளைத் திருப்பினார்கள். பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு காலில் நின்று ஆடும் ரோபோ ஒன்று மனிதரோடு நூற்றுக்கும் மேற்பட்ட அடிகளை விடாமல் பரிமாறியது. இவை திருப்பியடிக்கும் திறமைகள். போட்டி ஆட்டம் என்பது எதிராளியால் திருப்பமுடியாதபடி அடிப்பது.

அதற்காக எதிராளியை ஏமாற்றுவதும் மேசைப்பந்தில் ஆட்டத்தின் ஒரு பகுதி. மட்டையின் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு நிறம் வேண்டும் என்ற விதி 1980களில் வந்ததற்குக் காரணமே அதுதான். ஒரு பக்கம் வழுவழுப்பான றப்பர், மறுபக்கம் நீளக் குமிழ் றப்பர், இரண்டும் ஒரே நிறம் என்றால், மட்டையைத் திருப்பித் திருப்பி அடிப்பவரின் பந்தில் என்ன சுழற்சி வருகிறது என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. நிறம் பிரித்த பிறகும் நீளக் குமிழின் தொல்லை தீரவில்லை. டெல்லியின் மணிகா பத்ரா 2018 கோல்ட்கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் சிங்கப்பூரின் ஃபெங் தியன்வெய்யை வீழ்த்தியதில் அவருடைய பின்கை நீளக் குமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிராளியின் மணிக்கட்டு, தோள், மட்டை பந்தைத் தொட்ட சத்தம் என்று எல்லாவற்றையும் வைத்து ஆட்டக்காரர் சுழற்சியைப் படிக்கிறார். பந்தைப் பார்ப்பது கடைசி வேலை.

இங்கேதான் ஏற்கெனவே கடைகளில் விற்கும் 'ரோபோ' பற்றிச் சொல்லவேண்டும். நம் பயிற்றுநர்கள் ரோபோ என்று சொல்வது பெரும்பாலும் பந்து எறியும் இயந்திரத்தைத்தான். மேசை முனையில் ஒரு தலை, அதற்குள் சுழலும் சில்லுகள், சில்லுகளின் வேக வித்தியாசத்தால் பந்துக்குச் சுழற்சி, பின்னால் பந்தைச் சேர்க்கும் வலை. அதோடு பழகியவர்களுக்குத் தமிழர் அறிந்த மிக நல்ல உதாரணம் சென்னையின் ஜி. சத்தியன். 2019 மே மாதம் உலகத் தரவரிசையில் 24 ஆம் இடத்துக்கு வந்தவர், முதல் 25 பேருக்குள் நுழைந்த முதல் இந்தியர், படிப்பால் பொறியியலாளர். 2020 முடக்க காலத்தில் கூட ஆட ஆள் இல்லாமல் வீட்டுக்குள் இருந்தபோது, ஜேர்மனியிலிருந்து வந்த பட்டர்பிளை அமிக்கஸ் பிரைம் இயந்திரத்தோடு பழகினார். நிமிடத்துக்கு 120 பந்துகள்வரை எறியக்கூடியது அது. சுழற்சி, வேகம், விழும் இடம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அமைக்கலாம்.

சத்தியனுக்கு அது சரி. எதிராளியின் மணிக்கட்டைப் படிக்க அவருக்கு ஏற்கெனவே தெரியும். பயிற்றுநர் எஸ். ராமனிடம் ஆண்டுக்கணக்காகப் பழகிய பிறகு, காலும் கையும் துருப்பிடிக்காமல் இருக்கவே இயந்திரம் தேவைப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதே இயந்திரத்தைக் கொடுத்தால் வேறு விளைவு வரலாம். இயந்திரத்துக்கு மணிக்கட்டு இல்லை, தோள் இல்லை. ஓட்டையிலிருந்து பந்து வரும். பிள்ளை அடிக்கப் பழகும், படிக்கப் பழகாது. பயிற்சியில் அழகாக லூப் போடுகிற பிள்ளை, போட்டியில் ஒரு சாதாரண பக்ஸ்பின் சேர்வீஸை வலைக்குள் அடித்துவிட்டு விழிப்பதை எந்தப் பாடசாலைப் போட்டியிலும் பார்க்கலாம். பந்து எறியும் இயந்திரத்தைவிட, வாளியில் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பயிற்றுநரே மேல். அங்கே பார்க்க ஒரு கையாவது உண்டு.

கொழும்பில் இல்லாதது எது? மேசைக்குப் பெரிய பஞ்சமில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை மண்டபம், ஆலய மண்டபம், சன சமூக நிலையம் என்று எங்கேயாவது ஒரு மேசை மடித்துச் சாத்தி வைத்திருக்கும். இடம்தான் இறுக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் நிற்கும் தொடர்மாடிகளில் மேசையைப் போட்டால் பின்னால் நிற்க இடமிருக்காது. போட்டிக்கென்று சர்வதேச விதி கேட்பது 14 மீற்றருக்கு 7 மீற்றர். டீப்மைன்டின் தண்டவாளங்களை எங்கே போடுவது? அந்த ரோபோ நம் மண்டபங்களுக்கு வராது, வரவும் தேவையில்லை.

உண்மையான பஞ்சம் சரிசமமான எதிராளிக்கு. ஒரு பாடசாலையில் இருபது பிள்ளைகள் பழகினால் அதில் ஒன்று இரண்டு மேலே வரும். மேலே வந்த பிள்ளைக்குத் தன் மண்டபத்தில் ஆட ஆளில்லை. மற்றவர்களை 11-3 என்று வென்றுகொண்டே இருந்தால் ஆட்டம் வளராது. அடுத்த பாடசாலையின் நல்ல பிள்ளையோடு ஆட விட்டால் வளரும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மாலையில் ரியூசன், இந்தப் பிள்ளைக்கும் ரியூசன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பாதிப்பேர் மட்டையை அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு மண்டபத்தில் நிற்பதே வீட்டில் ஒரு வழக்காகிவிடும்.

55 வீதம் என்ற எண் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடுத்தர ஆட்டக்காரருக்கு, பாதிக்குப் பாதி வெல்லவும் தோற்கவும் கூடிய எதிராளியைப்போல் நல்ல ஆசான் இல்லை. தன் பலவீனத்தைக் கண்டு அங்கேயே பந்தை அனுப்புகிற, களைக்காத, வீட்டுக்குப் போக அவசரப்படாத எதிராளி என்றால் இன்னும் நல்லது. டீப்மைன்டின் பரிசோதனையில் ஆடியவர்கள், தோற்றவர்கள் உட்பட, ஆட்டம் சுவையாக இருந்தது என்றும் மறுபடி ஆட விருப்பம் என்றும் சொன்னார்கள். இயந்திரத்திடம் தோற்பது அவமானம் என்ற பேச்சு பார்வையாளர் பகுதியில்தான் கேட்கிறது.

அப்படியொரு எதிராளி விலைக்கு வந்து, நம் கைக்கும் எட்டும் காலம் எப்போது என்று நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை. அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். டீப்மைன்ட் ரோபோவின் பாகங்களில் கை விலை கூடியது, கண்ணாகிய கமரா மலிவு. இன்றைய கைத்தொலைபேசிகள் பல விநாடிக்கு 240 படங்கள் எடுக்கின்றன. பிள்ளையின் சேர்வீஸை மேசைப் பக்கத்திலிருந்து எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, மட்டை பந்தின் எந்த இடத்தைத் தொட்டது என்று பயிற்றுநர் காட்டலாம். எதிராளியின் மணிக்கட்டை நிறுத்திப் பார்த்து, என்ன சுழற்சி என்று ஊகிக்கச் சொல்லலாம். சுழற்சியைப் படிக்கும் பாடத்துக்கு இதைவிட மலிவான கருவி இல்லை. ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரின் அனுமதியில்லாமல் வட்ஸ்அப் குழுக்களில் போடவேண்டாம்.

பில்லிங்ஸ்லியின் அந்த ஒடுங்கிய மேசையை மறக்கவேண்டாம். வெள்ளவத்தையில் 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கட்டுபெத்தையில் இறங்கி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அங்கே மாணவர்கள் ஆண்டுதோறும் ரோபோப் போட்டிகளுக்கு உழைக்கிறார்கள். கோட்டைப் பின்தொடரும் வண்டி, புதிர்ப்பாதைக்குள் ஓடும் எலி என்பவை அவர்களுக்குப் பழகிப்போன விடயங்கள். எலியிலிருந்து பிங்பொங்குக்குப் போன பில்லிங்ஸ்லியின் பாதை அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. 2 மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம்: தச்சர் ஒருவர் செய்துதரக்கூடிய மேசை. அவர் முன்மொழிந்த காலத்தில் கமராவும் கணினியும்தான் பெரிய தடையாக இருந்தன. இன்றைக்கு அவை மாணவரின் சட்டைப்பையில் இருக்கின்றன.

அடுத்த போட்டிக்கு விடயம் தேடும் மாணவர் யாராவது இதைப் படித்தால் பிங்பொங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுக்கும் முன் கணக்கைப் போடுங்கள்: எத்தனை பந்து வந்தது, எத்தனை மேசையில் விழுந்தது, சேர்வீஸ் போட்டது யார். எதிரே நின்று ஆட ஆள் வேண்டுமென்றால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பயிற்றுநர்களைக் கேளுங்கள். பக்ஸ்பின் போடத் தெரிந்த பிள்ளைகளை அனுப்புவார்கள்.